வேளச்சேரியில் இருக்கும் மகளுக்கு

டிசம்பர் 2023

அன்பு மகள் கலைச்செல்விக்கு அப்பா எழுதுவது.

போனில் பேச ஆரம்பித்தால் நீயும் அழுதுவிடுகிறாய், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவும் அழுதுவிடுகிறாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் வந்த இடுப்பளவு தண்ணீரில் ஃபிரிட்ஜ் மிதந்தது, கட்டில், மெத்தை, பீரோவில் இருந்த துணி எல்லாம் போச்சு, பேத்தியின் புத்தகப் பையைக்கூட எடுக்க முடியவில்லை என்று நீ சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. உங்கள் ஆபீசில் யாரோ 'எல்லாம் நன்மைக்கே' என்றார்களாம், உனக்கு அப்படிக் கோபம் வந்ததாம். உன் கோபம் நியாயம் அம்மாடி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் கஜா புயல் அடித்த வாரம் என்னிடமும் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. வேரோடு மரம் விழுந்து கிடக்கிற கொல்லையில் நிற்பவனிடம் சொல்கிற பேச்சா அது? அந்தப் புயலில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். விழுந்த மரங்களைப் பார்த்துப் பார்த்து மனம் ஒடிந்து, பிறகு உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். அதை நன்மை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்தக் குப்பையை எல்லாம் வாரித் தள்ளிய மாதங்களில் சில விஷயங்கள் எங்களுக்குக் கிடைத்தன. ஐந்து வருஷம் கழித்து இன்றைக்கு நினைத்தால், அவற்றில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. புயல் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். புயலுக்குப் பிறகு நாங்கள் வேலை செய்து எடுத்துக்கொண்டது. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. நீ அப்போது சென்னையில். விடிந்ததும் கதவைத் திறந்தவர்கள் நானும் அம்மாவும் தம்பியும்தான். வாசலில் நின்றால் ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. அதுவரை நம் வீட்டிலிருந்து அது தெரிந்ததே இல்லை, நடுவில் அவ்வளவு தென்னை. சில மரம் வேரோடு சாய்ந்திருந்தது, சில மரம் பாதியில் முறிந்திருந்தது. கொண்டை திருகிப்போய் நின்றவைதான் எங்களை ரொம்ப வதைத்தன. நிற்கிறதே, பிழைத்துக்கொள்ளும் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். குருத்து அழுகி, மட்டை ஒவ்வொன்றாகத் தொங்கி, சில மாதத்தில் அதுவும் பட்டுப்போகும். 1952 புயலைப் பார்த்த பெரியவர்கள்கூட இப்படி ஒரு காற்றைப் பார்க்கவில்லை என்றார்கள்.

அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அறிவித்தது. நெட்டை ரகம் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும். வந்துவிட்டால் இரண்டு தலைமுறைக்குக் காய்க்கும். 1,100 எந்த மூலைக்கு? இருந்தாலும் வாங்கினோம், அது தேவையாகத்தான் இருந்தது. உங்களுக்கும் ரேஷன் கடையில் 6,000 கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்களே, வெட்கப்படாமல் வாங்கிக்கொள். அது பிச்சை இல்லை.

கொல்லையைச் சுத்தம் பண்ண இறங்கியபோதுதான் ஒன்று தெரிந்தது. பக்கத்துக் கொல்லை மரம் நம் மரத்தின் மேல், நம் மரம் அவர் வரப்பைத் தாண்டி அவருடைய போர் ஷெட்டின் மேல். ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. அவர் தன் மரத்தை எடுக்காமல் நான் என் மரத்தை அசைக்க முடியாது. மரம் அறுக்கும் மிஷினுக்கு அப்போது கிராக்கி, தனித்தனியாகக் கூப்பிட்டால் யாருக்கும் கிடைக்காது. அதனால் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு மிஷினும் ஒரு ஜேசிபியும் பேசி, முனையில் இருந்த கொல்லையில் ஆரம்பித்து வரிசையாக வந்தோம். யார் மரம் எது என்று கணக்குப் பார்க்காமல், வந்த லாரியில் ஏற்றிச் செங்கல் சூளைக்கு அனுப்பி, வந்த பணத்தைப் பரப்பளவுக்குத் தக்கபடி பிரித்தோம். வரப்புக்காகப் பஞ்சாயத்து வரை போன குடும்பங்கள் இருந்த தெரு இது, உனக்கே தெரியும். இன்றைக்கும் உரம் வாங்க, தேங்காய் வெட்ட என்று அந்த ஏற்பாடு நடக்கிறது. தனியாக வியாபாரியிடம் பேசியபோது கிடைக்காத விலை இப்போது கிடைக்கிறது.

அடுத்தது பட்டா. மரம் எண்ண ஆட்கள் வந்தபோது எத்தனை வீட்டில் தகராறு! பட்டா செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும், அனுபவிப்பவர் பேரன்கள் நாலு பேர். குத்தகைக்கு எடுத்துப் பாடுபட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. நம்முடையதும் கூட்டுப் பட்டாதானே. நிவாரணம் வந்து சேரச் சித்தப்பாவும் நானும் நடந்த நடை கொஞ்சமில்லை. அது முடிந்த கையோடு இருவரும் உட்கார்ந்து பேசி, அளந்து, தனிப் பட்டா வாங்கிக்கொண்டோம். கையெழுத்துப் போட்ட அன்று சித்தப்பா நம் வீட்டில்தான் சாப்பிட்டார். புயல் வராவிட்டால் அதை நாங்கள் செய்யாமலே போயிருப்போம், அந்தச் சிக்கல் உன் தலையிலும் தம்பி தலையிலும் விழுந்திருக்கும்.

குடிநீர் விஷயம் இன்னும் பெரிய பாடம். ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்த புயல் அது. வீட்டுக்கு வீடு போர் இருந்தும் மோட்டார் ஓடாமல் குடிக்கத் தண்ணீர் இல்லை. டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள், அதற்கு ஒரு வாடகை. ஊருக்கே தண்ணீர் கொடுத்தது கோயில் பக்கத்து அடிபம்பும், மூடிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்த பழைய கிணறும்தான். கிணற்றுக்கு ராட்டினம் மாட்டினோம், கயிறு வாங்கிப் போட்டோம். இப்போது வருஷாவருஷம் தூர் எடுக்கிறோம்.

வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின்வாரிய ஆட்கள் வந்து கழுத்தளவு சேற்றில் கம்பம் நட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்துக்கொண்டு, நாங்கள் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு. அவர்கள் முகம் எனக்கு மறக்காது. சென்னையிலிருந்தும் லாரி லாரியாகச் சாமான் வந்தது. அதில் முக்கால்வாசிப் பேர் 2015 வெள்ளத்தில் அடிபட்டவர்கள். என்ன அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொசுவத்தி, தார்ப்பாய், மெழுகுவத்தி, பெண்களுக்கு வேண்டிய நாப்கின். பழைய துணியை யாரும் மூட்டை கட்டவில்லை.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். நிழல் போன பிறகு தரையில் வெயில் விழுந்தது. நான் விவரம் தெரிந்து அந்த மண்ணில் முழு வெயில் விழுந்து பார்த்ததில்லை. சும்மா கிடக்கிறதே என்று அம்மாதான் எள்ளும் உளுந்தும் விதைக்கச் சொன்னாள். எள்ளுச் செடி இடுப்புயரம் வந்து வெள்ளைப் பூ பூத்து நின்றபோது, அவ்வளவு நாளும் கொல்லைப் பக்கம் போகவே பிடிக்காமல் இருந்தவன் காலையும் மாலையும் போய் நின்றேன். அடுத்து கடலை போட்டோம், வாழை வைத்தோம். பிறகுதான் தென்னங்கன்று. அதிலும் நெட்டையும் குட்டையும் கலந்து, இடைவெளி தாராளமாக விட்டு. கடலோரம் போகிற பக்கம் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறேன். அந்தக் காற்றிலும் பனை அசையாமல் நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். நான் நுங்கு வெட்டப் போவதில்லை, பேத்தி வெட்டட்டும்.

நம் பக்கம் ஏன் இப்படித் தென்னையை மட்டுமே நம்ப வேண்டி வந்தது? கல்லணைக் கால்வாயின் கடைமடை நாம். தண்ணீர் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நெல்லை விட்டுவிட்டுப் போர் போட்டுத் தென்னைக்குப் போனார்கள். காற்று ஒரே இரவில் அதைச் சாய்த்தபோதுதான், தண்ணீர் ஏன் வரவில்லை என்கிற பழைய கேள்விக்கு ஊர் திரும்பியது. நிவாரண வேலைக்கு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஊர் திரும்பிய பையன்கள் சிலர் போகாமல் தங்கிவிட்டார்கள். விவசாயிகளோடு சேர்ந்து 'கைஃபா' என்று சங்கம் வைத்து, 2019ல் பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வார இறங்கினார்கள். 564 ஏக்கர் குளம் அம்மாடி! அரசாங்கம் செய்யட்டும் என்று அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்த குளம். மொய்ப் பணத்தைக் கொடுத்தவர்கள் உண்டு, உண்டியலை உடைத்துக் கொடுத்த பிள்ளைகள் உண்டு. தண்ணீர் நிரம்பிய அன்று கரையில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். நான் பெருமைப்படுவது இதற்காகத்தான். இழந்தவர்கள் கையேந்துவதோடு நிற்காமல், இழப்புக்கு முன்னால் இருந்த குறையையும் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

சென்னையிலும் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம்? தண்ணீர் அங்கே போக வழியில்லாமல்தான் உன் ஹாலுக்குள் வந்தது. உங்கள் தெருவின் மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் கேள். சங்கம் இல்லையென்றால் ஆரம்பி. இத்தனை வருஷம் பேர்கூடத் தெரியாமல் இருந்த மாடி வீட்டு அம்மா, உங்கள் மூன்று பேரையும் தங்க வைத்துச் சோறு போட்டார்கள் என்றாயே, அவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். அவருக்கு அப்பா நன்றி சொன்னதாகச் சொல்.

வீட்டைக் காலி பண்ணிவிட்டு இங்கேயே வந்துவிடலாமா என்று கேட்டாய். வந்தால் எங்களுக்குச் சந்தோஷம், வீடு உனக்குத் திறந்துதான் இருக்கிறது. ஆனால் இந்த மாதம் முடிவெடுக்காதே. கஜா முடிந்த மாதம் நம் கொல்லையை வந்த விலைக்குக் கேட்டார்கள், கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இன்றைக்கும் வருந்துகிறார்கள். பொங்கல் கழியட்டும். தூக்கம் சரியாக வரட்டும். அப்புறம் மாப்பிள்ளையும் நீயும் உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, அவசரமாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெயினைப் போடாதே, சுவருக்குள் ஈரம் இருக்கும். மாப்பிள்ளை வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கெட்டுவிடும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகச் சொல். தொட்டியையும் சம்பையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. சேற்றில் வெறுங்காலோடு நடக்காதே, எலிக்காய்ச்சல் வரும். சான்றிதழ் போனவர்களுக்கு முகாம் போடுகிறார்களாம், விசாரித்துக்கொள்.

கல்யாண ஆல்பம் நனைந்துவிட்டது என்று அழுதாயே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. காய்ந்து ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்தால் கிழியும். சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்க நிழலில் போட்டு உலர்த்து. மீளாதவற்றுக்கு நம் வீட்டில் இருக்கிற பிரதியைத் தம்பி கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேருவான். அரிசி மூட்டை, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், அம்மாவின் புடவைகள், பேத்திக்கு இரண்டு கவுன், ஒரு ஸ்டவ் எல்லாம் கொடுத்துவிடுகிறேன். சுவர் கழுவவும் சாமான் ஒதுக்கவும் ஒரு வாரம் உங்களோடு இருக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அப்பா