விஸ்காயா மாளிகையைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் மயாமி நகரில், பிஸ்கேன் விரிகுடாக் கரையில் நிற்கும் விஸ்காயா மாளிகையைப் பற்றித் தமிழில் ஓர் உரை தயாரிப்பதற்காக உங்களை அணுகினேன். கணக்குப் பாராமல் நேரத்தையும் அறிவையும் கொடுத்தீர்கள். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. தமிழ் அறியாதவர்களுக்கு இம்மடலின் ஆங்கில வடிவத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

முதலில், ஊதியமின்றி வழிகாட்டியாகப் பணிபுரியும் அம்மையாருக்கு என் நன்றி. பார்வையாளர்கள் இன்று தெருப்பக்கமாகவே, அதாவது மேற்கிலிருந்தே உள்ளே வருகிறார்கள். அவரோ என்னை நேரே கிழக்கே கடலோரப் படிகளுக்கு அழைத்துச் சென்று, வீட்டின் முகப்பு தண்ணீரைப் பார்த்தே அமைந்திருப்பதைக் காட்டினார். அறுவடை இயந்திரத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜேம்ஸ் டியரிங், குளிர்காலத்தைக் கழிப்பதற்காகக் கட்டிய வீடு இது. அதன் எதிரே கடலுக்குள் கல்லால் ஆன பெரிய படகு ஒன்று நிற்கிறது. அலங்காரமாகத் தோன்றினாலும் அது அலைத்தடுப்புச் சுவர். அதன் சிற்பங்கள் அலெக்சாண்டர் ஸ்டர்லிங் கால்டர் செய்தவை. உப்புக்காற்று அவற்றின் முகங்களைப் பெரும்பாலும் அரித்துவிட்டது.

ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்களையும் நிழற்படங்களையும் பொறுமையாக எடுத்துக் காட்டியவருக்கு நான் கூடுதலாகவே கடன்பட்டிருக்கிறேன். பல தலைமுறைகள் வாழ்ந்து, அவ்வப்போது மாற்றியமைத்த பழைய இத்தாலிய வீடு போல இது தோன்ற வேண்டும் என்பது கலை இயக்குநர் பால் சால்ஃபினின் எண்ணம். ஐரோப்பாவில் வாங்கிய கதவுகளுக்கும் கூரைப் பலகைகளுக்கும் பொருந்துமாறு அறைகளின் அளவை வகுக்க வேண்டிய பொறுப்பு கட்டடக் கலைஞர் பர்ரல் ஹாஃப்மனுக்கு வந்தது. பொருள் முதலில், அறை பிறகு என்ற இந்தத் தலைகீழ் வரிசையை அந்தத் தாள்களைப் பார்க்காமல் நான் புரிந்துகொண்டிருக்க முடியாது. 1916ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் டியரிங் இங்கே குடியேறினார். மயாமியின் மக்கள்தொகை ஏறக்குறைய 10,000ஆக இருந்த அக்காலத்தில், இந்த ஒரே இடத்தில் 1,000 பேருக்கு மேல் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். அப்பகுதிச் சுண்ணாம்புக் கல்லின் குணம் அறிந்தவர்கள். சுற்றுலாக் கையேடுகள் பணம் போட்டவரைப் பற்றிப் பேசும் அளவுக்கு இவர்களைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் குறை. காப்பகத்தவர் அந்தக் குறையை ஓரளவு தீர்த்துவைத்தார்.

தோட்டப் பணியாளர் ஒருவர் மதிய வெயிலில் என்னை மாடியில் நிறுத்தித் தெற்கே பார்க்கச் சொன்னார். தோட்டத்தை வடிவமைத்த டியேகோ சுவாரெஸ், முதலில் பார்வை தடையின்றித் தெற்கேயுள்ள ஏரி வரை செல்லுமாறு எண்ணியிருந்தார். ஆனால் ஏரி நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும் என்று கண்டதும், நடுவே ஒரு மேட்டை எழுப்பி, அதன்மேல் சிறிய மண்டபம் ஒன்றை வைத்து, மரங்களையும் நட்டார். இத்தாலியத் தோட்டக்கலையைப் புளோரிடாவின் வெயிலுக்கு ஏற்பத் திருத்திய இடம் அது. எனக்கு மாளிகையைவிட அதுவே பெரிதாகப்பட்டது. ஏரிப் பகுதி பிற்பாடு விற்கப்பட்டுவிட்டது. இன்று அப்பக்கம் மருத்துவமனை ஒன்று இருக்கிறது.

1925இல் டியரிங் இறந்தார். அடுத்த ஆண்டே பெரும்புயல் தாக்கியது. 1952இல் டேடு மாவட்ட நிர்வாகம் மாளிகையையும் தோட்டத்தையும் வாங்கி, அருங்காட்சியகமாக்கியது. நடு முற்றம் முன்பு வானத்துக்குத் திறந்திருந்தது. கலைப்பொருள்களை ஈரத்திலிருந்து காக்க 1986இல் அதன்மேல் கண்ணாடிக் கூரை போட்டார்கள். காற்றோட்டத்துக்காகவே அமைந்த முற்றத்தை மூடியது சரிதானா என்று கலைப்பொருள் பாதுகாப்புப் பிரிவினரிடம் நான் சற்று விடாப்பிடியாகவே வாதாடினேன். அவர்கள் சினம் கொள்ளாமல், ஈரக்காற்றில் துணிகளும் மரச்சாமான்களும் எவ்வாறு கெடுகின்றன என்று விளக்கினார்கள். காரணத்தை ஏற்கிறேன், கூரையை இன்னும் விரும்பவில்லை.

கடைசியாக, கட்டுமானப் பொறியாளரான என் தமிழ் நண்பருக்கு. பழமையாகத் தோன்றும் இச்சுவர்கள் கம்பி கட்டிய கான்கிரீட் என்பதையும், பாதி வெளியிலும் பாதி வீட்டின் அடியிலுமாக அமைந்த நீச்சல் குளத்தின்மேல் ராபர்ட் சான்லர் தீட்டிய கடலடிக் காட்சியை உப்பும் ஈரமும் எப்படிச் சிதைக்கின்றன என்பதையும், தாளில் படம் போட்டு விளக்கியவர் அவர். உரையில் கட்டுமானம் பற்றிய பகுதி முழுவதும் அவர் திருத்தித் தந்ததே.

நன்றியுடனும் வணக்கத்துடனும்.