குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, கோகோ

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள நம் டோங்காட் ஊர் உறவுகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

நேற்றுக் காலை சமையலறைக் குழாய் புஸ்ஸென்று காற்றை விட்டு, செம்மண் நிறத்தில் துப்பி, அப்புறம் தெளிந்தது. அம்மா அதன் கீழே கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். அந்த ஈரம் காய்வதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

2022 ஏப்ரல் 11, 12 மழை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தையே வெள்ளம் அடித்துப் போட்டதில், சித்திரை முதல் நாளன்று குத்துவிளக்கைக் கழுவக்கூடத் தண்ணீர் இல்லாமல் நின்றோம்.

கேன் தூக்கிக் கொடுத்த கோயில் பையன்கள், ஆழ்துளைக் கிணற்றை ஊருக்கே திறந்துவிட்ட பள்ளிவாசல்காரர்கள், மூட்டை மூட்டையாகத் துணியோடு போய் நின்றாலும் முகம் சுளிக்காத, டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் சித்தி, இருட்டினாலும் கடைசி ஆள்வரை ஊற்றிவிட்டுப் போன டேங்கர் ஓட்டுநர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, தண்ணீர் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சுலு இன மூதாட்டியைப் பற்றி. பாட்டியை அவர்கள் கோகோ என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். முதல் வாரம், 20 லிட்டர் பக்கெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது பாதியைச் சிந்திக்கொண்டே போனேன். அவர் என்னை நிறுத்தி, தோளில் கிடந்த துண்டை உருவி, முறுக்கி, வட்டமாகச் சுற்றி என் தலையில் வைத்தார். "இன்காத்தா" என்றார். சும்மாடு! கரும்புத் தோட்டத்தில் ஆயா இதை வைத்துத்தான் சுமந்தாராம், அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதைச் சுற்றிக் கட்ட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தண்ணீரின் மேல் ஒரு கொத்து இலையையும் மிதக்கவிட்டார், அலை அடங்கிவிட்டது, வீடு வரை ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஆற்றோரம் இருந்த தன் வீட்டையே வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தவர் அவர் என்பது ஜூன் மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

இப்படி ஒரு மழை முன்பெல்லாம் 40 வருடத்துக்கு ஒருமுறை என்றால், இனி 20 வருடத்துக்கு ஒருமுறை வரலாம் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். சரி, வரட்டும். கூரைத் தண்ணீரைப் பிடிக்க 2500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் வாங்கிவிட்டேன். அதன் குழாய் சுவருக்கு வெளியே, தெருப்பக்கம் இருக்கும், யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். சனிக்கிழமை பிளம்பர் வருகிறார். கோகோ, நீங்களும் ஒரு நடை வந்து, குழாய் எந்த உயரத்தில் இருந்தால் பக்கெட் வைக்கத் தோதாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.