பந்தியில் சுவரோரம் உட்காரும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

நேரில் பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை, பயப்படாதீர்கள். அத்தை போனில் படித்துக் காட்டுவார்.

எந்தக் கல்யாணத்திலும் சுவரில் முதுகு படுகிற மாதிரி, வாசல் தெரிகிற மாதிரி இடம் பார்த்துத்தான் சாப்பிட உட்காருவீர்கள். போன மாதம் தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தபோது காபி டம்ளரைப் போட்டுவிட்டு ஆட்டுக்கல் பக்கத்தில் குப்புறப் படுத்துவிட்டீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் அத்தை சொன்னார்: 1987-ல் இந்திய அமைதிப்படையோடு சிப்பாயாக யாழ்ப்பாணம் போய் வந்ததிலிருந்தே ராத்திரியில் அலறிக்கொண்டு எழுகிறீர்களாம். கூட வந்த பலருக்கு அங்கே காதில் விழுந்தது வெறும் அழுகை. உங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"எந்தக் காலத்துக் கதை, மறந்துவிடுங்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன். தப்பு மாமா.

நீங்கள் டிரெய்னிங் எடுத்த வெலிங்டன் இருக்கிற அதே நீலகிரியில் 1901-02-ல் ரிவர்ஸ் என்று ஓர் ஆங்கிலேய டாக்டர் தோடர்களின் வம்சாவளியைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். (செத்தவர் பெயரை உறவினர் வாயால் சொல்வது அவர்களிடம் வழக்கமில்லை, மனுஷன் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.) முதல் உலகப் போரின்போது அவரே எடின்பரோ பக்கத்தில் கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையில், மனம் உடைந்து வந்த அதிகாரிகளைப் பார்த்தார். அதே சமயம் லண்டனில் யெல்லண்ட் என்ற டாக்டர், பேச்சு நின்றுபோன சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் பேசவிட்டுக் கேட்டார். நடந்ததை நினைக்காதே என்று அமுக்கி வைப்பதுதான் பலருக்கு நோயை முற்றவைக்கிறது என்று 1917 டிசம்பரில் மற்ற டாக்டர்கள் முன்னால் வாசித்தார்.

நண்பரின் உடல் சிதறிக் கிடந்ததைப் பார்த்த ஓர் அதிகாரியை அந்தக் கோலம் கனவில் விடாமல் துரத்தியது. ரிவர்ஸ் ஒன்றுதான் சொன்னார்: அப்படிச் சிதறியிருக்கிறார் என்றால், வலி தெரியாமல் நொடியில் போயிருக்கிறார். சில நாள் கனவே இல்லை. மறுபடி வந்த கனவில், அந்த அதிகாரி நண்பர் பக்கத்தில் மண்டியிட்டு, வீட்டாருக்குக் கொடுக்க அவருடைய சாமான்களை எடுத்துவைக்கிறார். பழைய திகில் இல்லை.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. இன்னோர் அதிகாரிக்கு ஆறுதல் சொல்ல ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லை என்பதையும் ரிவர்ஸ் எழுதியே வைத்திருக்கிறார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது அதனால்தான்.

போன தடவை ஓர் ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதினார்கள். நீங்கள் வெறுத்துப்போனதில் நியாயம் உண்டு. இது வேறு. நடந்ததை வாரம் ஒரு தடவை, நீங்கள் தாங்குகிற அளவுக்கு, சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். பெரும்பாலும் 8 முதல் 15 தடவை. முதலில் கஷ்டமாகத்தான் இருக்குமாம். நடுராத்திரியில் முடியவில்லை என்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்கு அடியுங்கள். காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். நேற்றுப் போய் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். நாற்காலி வாசலுக்கு முதுகு காட்டிக் கிடந்தது. டாக்டரம்மாவிடம் சொல்லிச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

உங்கள் மருமகன்