பிரேக் மிதியின் நடுக்கத்தைத் தீர்த்தவருக்கு நன்றி

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் மிதி காலடியில் துடிக்க, நான்கு சக்கர இயக்க வண்டியை அடிவாரத்தில் ஓரங்கட்டிய என்னைத் தம் பட்டறைக்கு அழைத்துச் சென்ற, பெயர்கூடச் சொல்லாத பெரியவருக்கு என் நன்றி. முன் பிரேக் டிஸ்க்குகள் (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடுகள்) புதியவை என்பதால் நான் அவற்றைச் சந்தேகிக்கவே இல்லை. ஸ்டியரிங்கும் சேர்ந்து நடுங்குகிறதா (நடுங்கினால் கோளாறு பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான்) என்று மட்டும் கேட்ட அவர், முன்சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் பொருந்தி அமரும் ஹப்பின் (சக்கரத்தின் மையப் பகுதியின்) முகப்பில் படிந்திருந்த துருப்பொருக்கை நகத்தால் சுரண்டிக் காட்டினார். அதைச் சுத்தம் செய்யாமலே முன்பு யாரோ மாட்டியதால் சாய்ந்து அமர்ந்த டிஸ்க், சுற்றுக்குச் சுற்று பிரேக் பேடில் (டிஸ்க்கை அழுத்தும் கட்டையில்) உரசிச் சீரற்றுத் தேய்ந்திருந்தது. கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, டிஸ்க்கை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) லேசாகச் சீவி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினார். கூலியாக அவர் ஏற்றது ஒரு தேநீர் மட்டுமே.