தேரிக் காட்டைத் தரிசு என்று எழுதாதீர்கள்

எங்கள் வட்டாரத்து வேளாண், வருவாய் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வைகாசியில் எங்கள் ஊருக்கு மேற்கே தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், இருந்த உடைமரக் காட்டை (உடை என்பது குடைபோல் விரியும் முள்மரம்) ஜேசிபி வைத்துத் தள்ளினீர்கள். கணக்கில் அது தரிசு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காட்டுக்குக் கிழக்கே என் இரண்டு ஏக்கர் முருங்கை. ஆனிக் காற்று எழுந்ததும் அந்தச் செம்மணல் முழுக்க என் கன்றுகள் மேல் வந்து படிகிறது. விடிந்ததும் நானும் என் மனைவியும் குனிந்து கையாலேயே மணலை விலக்குகிறோம். மறுநாள் மறுபடி மூடிக் கிடக்கிறது. முந்தின ஆண்டுகளில் அந்த மணலை மரமும் சருகும்தான் பிடித்து வைத்திருந்தன.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் களிமண் கலந்திருக்கிறது. மக்கியதை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேரியில் களி மிகக் குறைவு. உடை நெத்து, சருகு, ஆட்டுப் புழுக்கை, பனையின் வேர் என்று ஆண்டாண்டாக விழுந்து, மக்கிச் சேர்ந்ததுதான் இந்த மண்ணின் கரிமம் (கார்பன்). மேல்மண்ணைப் புரட்டி வெயிலில் போட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். அப்புறம் பெய்கிற மழைத்தண்ணீரும் மண்ணில் தங்காது.

ஒரு ஏக்கரில் அரை அடி மேல்மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. கரிமம் 0.1 சதவீதம் குறைந்தாலே 900 கிலோ போய்விடும். தொழுவுரம் போட்டு ஈடுகட்டலாம் என்கிறீர்கள். ஊரில் மாடு எங்கே இருக்கிறது? போட்டாலும் பெரும்பகுதி இந்த வெயிலில் கரைந்துவிடுமே.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். மரம் நிற்கிற தேரியைத் தள்ளுவதற்கு முன் அதன் கரிமத்தை அளந்து பாருங்கள்.

மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டைக்கு மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்பது விதி. அந்தப் பத்துக்குள் பனங்காடும் இருக்கும், ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணைப் பொடியாக்கிய புஞ்சையும் இருக்கும். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் எல்லோருக்கும் 'குறைவு' என்று ஒரே எழுத்து. எந்த நிலம் எப்படிப் பயன்பட்டதால் குறைந்தது, எது இன்னும் தாங்குகிறது என்று அந்த அட்டையை வைத்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசே அறிவித்தது. பனைக்கு நிழல்போல் நிற்கும் உடைக்கும், அதன் அடியில் இருக்கும் மண்ணுக்கும் கேட்க ஆளில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெற்கே இன்னும் ஒரு துண்டுக் காடு மிச்சம் இருக்கிறது, அதற்கும் குறியிட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒருநாள் மண்வெட்டியோடு வாருங்கள். காட்டுக்குள் ஒரு குழி, தள்ளிய இடத்தில் ஒரு குழி, என் புஞ்சையில் ஒரு குழி. மூன்றையும் நானே வெட்டித் தருகிறேன். அளந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
தேரிக்காட்டு மானாவாரி விவசாயி