நுண்கடனுக்குப் பணம் வரும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழுப் பெண்களுக்கு ஈடு இல்லாமல் கொடுக்கும் சிறு கடனான நுண்கடன் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையில் 'வெளிநாட்டு டாலர் கொட்டுவதால் கண்ட பெண்களுக்கெல்லாம் கடன்' என்று ஒரு வரி. 'கண்ட பெண்கள்' என்ற சொல் எவ்வளவு வலித்தது என்பதை இப்போதைக்கு விடுகிறேன். டாலர் கொட்டுகிறதா என்பதையாவது தங்கள் வணிகப் பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நுண்கடன் கம்பெனிகள் கடனாகத் திரட்டும் பணத்தில் பெரும்பகுதி நம் நாட்டு வங்கிப் பணம்தான். நுண்கடனுக்குக் கொடுத்தால் அது வங்கியின் முன்னுரிமைத் துறைக் கணக்கில், அதாவது விவசாயம், ஏழைகள் போன்றோருக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய பங்கில், சேரும். அதனால்தான் நிதியாண்டு முடியும் முன் அந்தப் பங்கை நிரப்ப, ஜனவரி முதல் மார்ச் வரை வங்கிகள் தேடிவந்து, கம்பெனிகள் ஏற்கெனவே கொடுத்த கடன்களை மொத்தமாகச் சேர்த்த தொகுப்புகளை வாங்குகின்றன. ஏப்ரல் பிறந்தால் அந்த அவசரம் இருக்காது. கம்பெனி நினைத்தவுடன் விற்கவும் முடியாது. இரண்டு வருடத்துக்கு உட்பட்ட கடனை 3 மாதமாவது கையில் வைத்திருந்த பிறகே விற்கலாம். தொகுப்பாக்கி விற்கும்போது 5 சதவீதப் பங்கைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

வங்கியிடம் கம்பெனி நேரடியாகக் கடன் வாங்குவது என்றால் இன்னும் பாடு. கொடுத்த கடன் முதலான சொத்துகளின் இடர் மதிப்பில் குறைந்தது 15 சதவீதம் மூலதனம் இருக்க வேண்டும், கடனைத் திருப்பும் திறனுக்குத் தர மதிப்பீடு வேண்டும். 1 கோடி வாங்க, பெண்களிடமிருந்து வரவேண்டிய கடன் நிலுவையில் 1 கோடியே 10 லட்சத்தை ஈடு காட்டச் சொல்வார்கள். தவணை தவறிய கணக்கு அதில் செல்லாது. மாதாமாதம் அதை எடுத்துவிட்டு வேறு கணக்கை வைக்க வேண்டும். ஒரு பகுதியை அதே வங்கியில் டெபாசிட்டாகப் போடச் சொல்வதும் உண்டு. வாங்கிய கடனுக்கு ஒரு வட்டி, போட்ட டெபாசிட்டுக்கு அதைவிடக் குறைந்த வட்டி. அந்த வித்தியாசம் கடைசியில் குழுப் பெண்ணின் தவணையில்தான் ஏறுகிறது.

டாலர் வரவே இல்லை என்று சொல்லவில்லை. ரூபாய் சரிவுக்கு எடுக்கும் காப்புச் செலவையும் வரியையும் கூட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் நம் வங்கி வட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சிறிய கம்பெனிக்கு அந்தக் கதவு திறப்பதே அரிது.

தாங்கள் எழுதியிருக்க வேண்டியது, கம்பெனிக்குக் கடன் கொடுப்பவர்கள் போடும் ஒப்பந்த நிபந்தனையைப் பற்றி. தவணை தவறி 30 நாள் தாண்டிய நிலுவை, குறித்த சதவீதத்துக்கு மேல் போனால் கம்பெனிக்குக் கொடுத்தவர் முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் மற்றவர்களும் கேட்க இடம் கொடுக்கும் ஷரத்து பக்கத்திலேயே இருக்கும். தவணை தவறிய 28ஆம் நாள் வசூல் ஊழியர் ஒரு வீட்டு வாசலை விட்டு நகராமல் நிற்பது இதனால்தான். அப்படி நிற்பது தவறு. அவரைப் படம் பிடித்துப் போட்ட தாங்கள், அந்த ஷரத்தைப் போட்டவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

2010 அக்டோபரில் நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்தும் ஆந்திர அவசரச் சட்டம் வந்தபோதும் இப்படித்தான். இங்கே வசூல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தும் தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்கும் வங்கிகள் கையை மூடின. தங்கள் பத்திரிகையில் அது செய்தியாகவில்லை. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நுண்கடன் வட்டி உச்சவரம்பை எடுத்ததற்கு மூன்றே வரி. முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடுவது பிளாட் வட்டி; கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் போடுவது குறையும் நிலுவை வட்டி. இன்றுவரை இரண்டையும் ஒன்றாகவே அச்சிடுகிறீர்கள். 24 மாதத் தவணையில் பிளாட் 12 சதவீதம் என்றால் குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 22 சதவீதம்.

'டாலர் கொட்டுகிறது' என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த முறை எந்த நிறுவனத்தைப் பற்றி எழுதினாலும், அது எத்தனை சதவீதத்துக்குப் பணம் வாங்குகிறது, எத்தனை சதவீதத்துக்குக் கொடுக்கிறது என்ற இரண்டு எண்களையும் கேட்டு ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நுண்கடன் நிதிப் பிரிவு ஊழியர்,
திருச்சி