தொப்பூர் கணவாய்ச் சாலைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெடுஞ்சாலை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேலத்திலிருந்து எழுதுகிறேன். தொப்பூர் இறக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்த விபத்துகள் உங்கள் கோப்புகளில் இருக்கும்.

போன வாரம் மூச்சுத்திணறலோடு அத்தையைத் தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். இரட்டைப் பாலத்துக்கு முன்னால் ஒரு டாரஸ் லாரி கவிழ்ந்து, சாலை முழுக்க நெல் மூட்டைகள். முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. பயனில்லை என்று டிரைவர் சைரனையே அணைத்துவிட்டார். கதவைத் திறந்தால் பிரேக் லைனிங் கருகிய நாற்றம். நர்ஸ் ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அத்தை கையசைத்துக் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அத்தை பிழைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

காரணம் ஊரறிந்தது. பாரம் ஏற்றிய லாரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வருகிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. பிரேக் சூடேறிவிட்டால் பிடிக்காது. அப்புறம் முன்னால் போகிற காரில் போய் மோதித்தான் நிற்கிறது.

எனவே கேட்கிறேன்: இறக்கம் தொடங்கும் இடத்திலேயே, இரவும் பகலும், லாரிகளை நிறுத்திப் பிரேக்கைப் பாருங்கள். குறைந்த கியரில், இடைவெளி விட்டு இறக்குங்கள்.

1790இல் ஆங்கிலேயப் படைக்குப் போக்குக் காட்டி திப்பு இறங்கிய கணவாய் இது. இதில் போகும் சாலை வாரணாசி - கன்னியாகுமரி 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது, 2010இல் எண்கள் மாறியபோது ஸ்ரீநகரில் தொடங்கும் 44 ஆனது. நாட்டிலேயே நீளமான இந்தச் சாலையில் எங்கிருந்தோ சரக்கு ஏற்றிவரும் ஓட்டுநருக்கு எங்கள் ஊர் இறக்கம் எப்படிப் பழகியிருக்கும்? எண்ணை மாற்றினீர்கள், நான்குவழி ஆக்கினீர்கள், சுங்கக் கட்டணத்தை வருடா வருடம் ஏற்றுகிறீர்கள். பணம் வாங்கும் இடத்தில் ஒரு வண்டி தப்ப முடியாது. உயிர் போகும் இடத்தில் மட்டும் நிறுத்திப் பார்க்க ஆளில்லையா?

இந்த இறக்கத்துக்கு மாற்றாக நீங்கள் சொல்லும் உயர்மட்டச் சாலை வரட்டும், நல்லதுதான். அது திறக்கும்வரை நாங்கள் இந்த வழியாகத்தானே போக வேண்டும்?

கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்பாவது, மேலேயே லாரிகளை நிறுத்திப் பிரேக் பார்க்கும் ஏற்பாட்டைத் தயவுசெய்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒருவன்